நாமக்கட்டி காட்டிய கோடு

"தொடாதே."

ஓடிப்போய்க் குனிந்தவன் அப்படியே நின்றேன். ராகி அறுத்த கொல்லையில் என் சிவப்பு விமானம் மூக்கைத் தரையில் குத்தி, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. இறக்கை ரப்பர் பேண்டுகளை அறுத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்க் கவிழ்ந்திருந்தது. நான்கு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயிருந்தன. பறந்ததோ இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

"சிக்னல் போயிடுச்சு சார்."

"போயிருக்கலாம். கையைப் பின்னால கட்டிண்டு ஒரு சுத்து சுத்தி வா. அப்புறம் சொல்லு."

கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி சுற்றினேன். அழுகை வந்தது, அதை மறைக்கச் சுற்றுவது வசதியாகத்தான் இருந்தது. அவர் செல்போனில் நான்கு பக்கமும் படம் எடுத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து பேட்டரியின் வயரை மட்டும் கழற்றி, பேட்டரியை மெதுவாக உருவி, கூடவே கொண்டுவந்திருந்த மணல் சட்டிக்குள் வைத்தார். அடிபட்ட லைப்போ பேட்டரி சில சமயம் உடனே ஒன்றும் செய்யாது. அரை மணி நேரம் கழித்துப் பையில் இருக்கும்போது தீப்பிடிக்கலாம். அதனால் அதற்கு மட்டும் விதிவிலக்கு. மற்றதெல்லாம் விழுந்தது விழுந்தபடி கிடக்க வேண்டும்.

சாரின் பெயரை எழுத அவர் அனுமதி தரவில்லை. மைசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகள் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஓய்வுக்குப் பின் மேல்கோட்டையில் தாத்தா காலத்து ஓட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் என்பது வரைக்கும் சொல்லலாம். மேல்கோட்டை இப்போது மண்டியா மாவட்டம். மைசூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். ராமானுஜர் வந்து தங்கிய திருநாராயணபுரம் என்றால் வைணவர்களுக்குத் தெரியும். 'தளபதி' படத்தில் வருகிற, கட்டி முடிக்கப்படாத ராய கோபுரம் என்றால் என்னை மாதிரி ஆட்களுக்குத் தெரியும். அங்கே பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான் பேசுகிறார்கள். நடுநடுவே கன்னடம் உப்பு போல விழும். சார் "கொஞ்சம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை, "ஸ்வல்ப"தான்.

நான் பாலக்கோட்டுக்காரன். அஜித் ரசிகன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2018-இல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்து, அந்தக் குழு ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது. அந்தச் செய்தி வந்தபோது டிப்ளமா முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். பிறகு மைசூரில் இன்வெர்ட்டர் சர்வீஸ் வேலை கிடைத்தது. ஒரு நாள் மேல்கோட்டையில் ஒரு வீட்டுக்கு இன்வெர்ட்டர் பார்க்கப் போனேன். கல்யாணிக் குளத்துக்கு இறங்குகிற பக்கத்துத் தெரு. கூடத்தில் தலையைத் தூக்கினால் உத்தரத்திலிருந்து ஏழு விமானங்கள் தொங்கின. இன்வெர்ட்டரில் ஃபியூஸ்தான் போயிருந்தது. பத்து நிமிட வேலைக்கு மூன்று மணி நேரம் இருந்தேன். மாமி புளியோதரை போட்டார்.

அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸில் போய்விட்டேன்.

பறக்கக் கற்றுக்கொடுப்பார் என்று போனவனுக்கு முதல் ஆறு வாரம் சாக்கு மூட்டைதான் பாடம். விழுந்த விமானங்களின் மிச்சங்களை அவர் தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொன்றையும் கட்டி, அதில் ஒரு அட்டைத் துண்டு. தேதி, இடம், காரணம். முப்பதுக்கு மேல் இருந்தன. அவருடையவை பாதி, மைசூர்ப் பையன்கள் கொண்டுவந்து கொடுத்தவை பாதி. பதினொரு அட்டைகளில் காரணம் என்ற இடத்தில் 'தெரியலை' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். இவ்வளவு தெரிந்தவருக்குத் தெரியாமலா போகும்?

"தெரியாததுக்குத் தெரியலைன்னு எழுதலேன்னா, மத்த அட்டைக்கும் மதிப்பு கிடையாது" என்றார்.

அட்டையை மறைத்துவிட்டு ஒரு மிச்சத்தை என் முன்னால் வைப்பார். என்ன ஆச்சு சொல்லு. ஒரு நாள் அய்லரான் பிய்ந்த இறக்கை ஒன்று. இறக்கையின் பின்விளிம்பில் விமானத்தைச் சாய்க்கிற அந்தப் பலகைதான் அய்லரான். "அய்லரான் கழன்று விழுந்திருக்கு" என்றேன். கீல் இருந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார். நான்கு கீல்களில் மூன்றில் பசையோடு பால்சா மரத்தின் நாரும் சேர்ந்து பிய்ந்து வந்திருந்தது. நான்காவதில் பசை கண்ணாடி போல வழவழ. நார் ஒட்டியிருந்தால் மரம்தான் கிழிந்திருக்கிறது, அது தரையில் மோதின வேகத்தில் நடந்தது. வழவழப்பாக இருந்தால் பசை பிடிக்கவே இல்லை, அது வானத்திலேயே கழன்றது. மூன்று விளைவு, ஒன்று காரணம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் வரும்போது பார்த்ததெல்லாம் எப்படி உடைந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். முன்சீட்டின் கைப்பிடி, கண்டக்டரின் விசில் கயிறு.

அந்தச் சாக்கு இருந்த அலமாரியில்தான் ஒரு பழைய ஜெராக்ஸ் கட்டும் இருந்தது. மேல்கோட்டையில் சமஸ்கிருத ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று உண்டு, வருகிறவர்கள் எல்லாரும் அங்கே புராண விமானத்தைப் பற்றிக் கேட்பார்கள், சாரிடமும் கேட்பார்கள். அவர் பதில் சொல்லாமல் ஜெராக்ஸைக் கொடுத்துவிடுவார். 'வைமானிக சாஸ்திர'த்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஜி. ஆர். ஜோஸ்யர் மைசூரில் வெளியிட்டது 1973-இல். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் முகுந்தா, தேஷ்பாண்டே, நாகேந்திரா, பிரபு, கோவிந்தராஜு என்ற ஐந்து பேர் அதை வரி வரியாகப் படித்து, படங்களிலுள்ள அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த ஜெராக்ஸ் இதுதான். நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, அதிலுள்ள எந்த விமானமும் பறக்காது என்பது முடிவு. சாருக்கு முடிவைவிட முறைதான் பிடித்திருந்தது. "கேலி பண்ணிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்து எடை போட்டுப் பார்த்திருக்கா பாரு. பறக்காத விமானத்துக்கே அத்தனை மரியாதை" என்பார்.

என் விமானத்துக்கு வருகிறேன். உயர இறக்கை டிரெயினர், ஃபோம் தகட்டில் வெட்டியது. இறக்கையின் நீளம் 1.4 மீட்டர், அகலம் 210 மில்லிமீட்டர். எல்லாம் சேர்த்து எடை சரியாக ஒரு கிலோ. அதில் பேட்டரி மட்டும் 190 கிராம். அந்த எடைக்கும் அந்த இறக்கைக்கும் மணிக்கு இருபத்தாறு கிலோமீட்டருக்குக் கீழே போனால் காற்று கைவிட்டுவிடும் என்று சார் கணக்குப் போட்டுக் காட்டினார். சென்னைக் கடற்கரையில் என்றால் இருபத்தைந்து போதும். மேல்கோட்டைக் குன்று கடல்மட்டத்துக்கு மேலே சுமார் மூவாயிரம் அடி. காற்று அங்கே மெல்லிசு.

இந்த விமானத்துக்கு உயிர் எங்கே இருக்கிறது என்றால் பாலன்ஸ் புள்ளியில். சி.ஜி. என்பார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே அது இருக்க வேண்டும். எனக்கு 53-இலிருந்து 70 மில்லிமீட்டருக்குள். அந்த இடத்தை இறக்கையின் அடியில் குறிக்க சார் பேனா தரமாட்டார். ஈர நாமக்கட்டியால் கோடு போடுவார். மேல்கோட்டையில் திருமண் கிடைப்பதற்குப் பஞ்சமில்லை. சிவப்பு இறக்கையில் வெள்ளைக் கோடு, இரண்டு பக்கமும். அந்தக் கோட்டில் இரண்டு விரல் நுனிகளை வைத்துத் தூக்கினால் விமானம் மூக்கைத் துளி தாழ்த்தி நிற்க வேண்டும். நடுவில் ஒரு முறை வால் முறிந்து நான் எபாக்ஸியைத் தாராளமாகப் பூசி ஒட்டியதால் பின்பக்கம் கனத்துவிட்டது. பேட்டரியை முடிந்த மட்டும் முன்னால் தள்ளி 68-க்குக் கொண்டுவந்தோம். எல்லைக்குள்தான், ஆனால் ஓரத்தில்.

பறக்கவிடும் இடத்துக்கும் அவர் வைத்த நிபந்தனைகள் அதிகம். மேல்கோட்டையைச் சுற்றி ஓநாய்களுக்கான சரணாலயக் காடு இருக்கிறது, அங்கே கூடாது. கோயில் பக்கம், மலைப் படி பக்கம், ஜனம் இருக்கும் எந்தப் பக்கமும் கூடாது. 2021 டிரோன் விதிகளில் விளையாட்டுக்குப் பறக்கவிடும் மாதிரி விமானங்களுக்குச் சலுகை உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருக்க வேண்டும், வானத்து வரைபடத்தில் பச்சை இடமாக இருக்க வேண்டும். அதனால் குன்றைவிட்டு இறங்கி, தெரிந்தவர் கொல்லையில், அறுவடை முடிந்த தை மாதத்தில்.

அன்று காலை பனி விலகிய பிறகு கிழக்கிலிருந்து லேசான காற்று. நண்பன் ஒருவன் செல்போனில் வீடியோ எடுத்தான். கையால் எறிந்தேன், ஏறியது, என் நெஞ்சும் சேர்ந்து ஏறியது. ஒரு வட்டம் அழகாகப் போனது. இரண்டாவது வட்டத்தில் விமானம் கொஞ்சம் தவளை மாதிரி பண்ணியது, மூக்கைத் தூக்கும், போடும். மூன்றாவதில் காற்றோடு திரும்பும்போது இடது இறக்கை சரிந்தது. நான் வலதுபக்கம் முழுக்கத் தள்ளினேன். கேட்கவில்லை. சுழன்று இறங்கியது.

கேட்கவில்லை என்றால் சிக்னல் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? விமானம் விழுந்த பத்தில் ஒன்பது பேர் முதலில் சொல்வது இதுதான் என்றார் சார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் மேல் பழியைப் போடுவதில் யாருக்கும் வருத்தமில்லை.

கொல்லையில் மூன்றாவது சுற்றில் அவர் என்னை மூக்குக்குப் பக்கத்தில் குந்த வைத்தார். "மண்ணைப் பாரு."

மண்ணில் அரிவாளால் கீறின மாதிரி நாலைந்து வெட்டுகள், விரல் அகல இடைவெளியில், ஒன்றுக்கொன்று இணையாக. ப்ரொப்பெல்லரின் இரண்டு இலைகளும் முறிந்திருந்தன. ஒன்று அடியோடு, ஒன்று பாதியில். மோட்டாரின் தண்டு வளைந்திருந்தது.

"மோட்டார் நின்னு போயிருந்தா?"

நின்ற ப்ரொப்பெல்லர் மண்ணை வெட்டாது. கீழே இருக்கிற இலை மட்டும் முறியும், மற்றது சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். இது சுற்றிக்கொண்டே வந்து குத்தியிருக்கிறது. சிக்னல் அறுந்தால் ரிசீவர் மோட்டாரை நிறுத்தும்படி ஃபெயில்சேஃப் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் சோதித்தோம். ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்தேன். ஒரு வினாடிக்குள் நின்றது. மூன்று தடவையும் நின்றது. ரிசீவருக்குக் கரண்ட் போயிருந்தாலும் இதேதான், மோட்டார் நின்றிருக்கும். அப்படியானால் நான் குச்சியைத் தள்ளியது கடைசி வரை விமானத்துக்குப் போய்ச் சேர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

இந்தச் செய்தி எனக்கு உவப்பாக இல்லை.

வீடியோவைக் காட்டப் போனேன். கடைசியில் பார்க்கலாம் என்று வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார். படத்தை முதலில் பார்த்துவிட்டால் அப்புறம் கண் வேறு எதையும் தேடாதாம். அதற்குப் பதிலாக டிரான்ஸ்மிட்டரைக் கேட்டார். குச்சிகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பொத்தான்கள் இருக்கும், டிரிம் என்று பெயர். விமானம் தானாகத் தூக்கினாலோ சாய்ந்தாலோ அதைத் தட்டித் தட்டிச் சரிக்கட்டலாம். மூக்கை ஏற்றி இறக்குகிற வால் பலகையான எலிவேட்டருக்கும் ஒரு டிரிம் உண்டு. எத்தனை தட்டினோம் என்பதை அணைத்துப் போட்டாலும் அது மறக்காது. பறக்கும் முன்னால் எல்லாம் பூஜ்யத்தில் இருந்ததை இருவரும் சேர்ந்து பார்த்திருந்தோம்.

எலிவேட்டர் டிரிம் கீழ்நோக்கி ஒன்பது.

எனக்குத் தட்டியதே ஞாபகமில்லை. யோசித்துப் பார்த்தால் காதில் பீப் பீப் என்று கேட்டதுபோல இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது வட்டத்தில் அது தவளை மாதிரி துள்ளியபோது கட்டைவிரல் தானாக வேலை செய்திருக்கிறது. வாய் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டது. விரல் செய்ததை மெஷின் எழுதி வைத்திருக்கிறது.

அன்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே இருந்தது, நான் காற்றோடு திரும்பினேன், தரையைப் பார்க்க வேகமாகப் போகிற மாதிரி தெரிந்தது, அதனால் த்ராட்டிலைக் குறைத்தேன், உண்மையில் காற்றுக்குள் வேகம் இல்லை, இடது இறக்கை ஸ்டால் ஆகிவிட்டது. அதாவது காற்றை ரொம்பச் செங்குத்தாக எதிர்கொண்டு, தூக்குவதை நிறுத்திவிட்டது. அப்போது வலதுபக்கம் தள்ளினேனே, அது இன்னும் தப்பு. வலதுபக்கம் தள்ளினால் இடது அய்லரான் கீழே இறங்கும். ஏற்கனவே திணறுகிற இறக்கைக்கு இன்னும் கோணம் கூடும். குதிகாலில் மிதித்துத் தள்ளின மாதிரி. குச்சியை முன்னால் விட்டுக்கொடுத்து, த்ராட்டில் கொடுத்து, வாலில் நிற்கிற ரட்டரால் நிமிர்த்தியிருக்க வேண்டும். கேட்கவில்லை என்று நான் நினைத்தேன். கேட்டது. கேட்டதால்தான் விழுந்தது.

"ஆக, ஓட்டினவன் தப்பு" என்று அட்டையில் எழுதப் போனேன். எழுதும்போது ஒரு நிம்மதிகூட இருந்தது. தப்பை ஒப்புக்கொள்கிறவன் என்ற பெருமை.

சார் பென்சிலை வாங்கிக்கொண்டார்.

"கல்கத்தா பக்கத்துல காமெட் விழுந்த கதை தெரியுமோ?"

உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் விமானம் காமெட். 1953 மே 2-ஆம் தேதி டம்டம்மிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் இடி மழைக்குள் சிதறி விழுந்தது, 43 பேர் இறந்தார்கள். புயல்காற்று அடித்திருக்கும், அல்லது விமானி அளவுக்கு மீறித் திருப்பியிருப்பார், உடல் தாங்கவில்லை என்றது விசாரணை. பொருத்தமான காரணம்தான், அன்றைக்குப் புயல் இருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் எல்பா தீவுக்குப் பக்கத்தில் ஒன்று, ஏப்ரலில் நேப்பிள்ஸ் பக்கத்தில் ஒன்று. அங்கே புயலே இல்லை. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, காற்றழுத்தம் ஏறி இறங்குவதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தபோதுதான் உடல் தகடு களைத்துப்போய்க் கிழிந்தது தெரிந்தது.

"நீ சொன்னதெல்லாம் சரி. ஆனா அது ஏன் மூக்கைத் தூக்கித்து? முதல் வட்டத்துல தூக்கலையே."

முதல் வட்டம் ஒழுங்காகப் போனது. அதே காற்று, அதே கை, அதே விமானம். நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. "அடுத்த ஞாயிறு வா. பேட்டரியும் அதுக்குள்ள ஆறிடும்."

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு சங்கடம். சொல்லிவிடுகிறேன். பறப்பதற்கு முந்தின ராத்திரி, மைசூரில் என் அறையில், புதுப் பேட்டரியைப் போட்டுப் பார்த்தேன். பழையதைவிட மூன்று மில்லிமீட்டர் பருமன், மூடி மூடவில்லை. பேட்டரித் தட்டில் ஒட்டியிருந்த வெல்க்ரோவைப் பிய்த்து எறிந்தேன், மூடி மூடிக்கொண்டது. மேலே ஒரு பட்டை சுற்றியிருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் பறக்க விடமாட்டார். விழுந்த பிறகும் சொல்லாததற்கு ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பேட்டரி விழுந்த இடத்தில் முன்பக்கம்தானே இருந்தது? மோட்டார் பலகைக்குப் பின்னால் வைத்த தெர்மாகோல் கட்டையை நசுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது, நானே பார்த்தேன். நகரவில்லை.

ஞாயிறன்று திண்ணையில் உட்கார்ந்தோம். பேட்டரியின் ஓரம் நசுங்கியிருந்ததால் இனி சார்ஜ் போடக் கூடாது. அதில் ஒரு கார் பல்பை மாட்டி முழுக்க வடியவிட்டிருந்தார். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கருநீலப் பிளாஸ்டிக் உறை, அடிப்பக்கத்தில் என்னவோ கீறல், வெயிலில் திருப்பினால் தெரியும், நிழலில் மறையும்.

உள்ளே போய் நாமக்கட்டி கொண்டுவந்தார். அரத்தில் ஸ்வல்ப உரசினார். வெள்ளைப் பொடி விழுந்தது. அதை விரலால் தொட்டுப் பேட்டரியின் அடியில் பூசி, பழைய வேட்டித் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தார்.

கருநீலத்தில் வெள்ளைக் கோடுகள் எழும்பின. பின் ஓரத்திலிருந்து மூன்று சென்டிமீட்டரில் குண்டூசித் தலை அளவு ஒரு குழி. அதிலிருந்து முன்நோக்கி நேராக ஒரு மெல்லிய கோடு. அதன் முனையிலிருந்து திரும்பி, கொஞ்சம் சாய்ந்து, ஆழமாக இன்னொரு கோடு. அது குழியைத் தாண்டி இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் பின்னால் போய் நின்றது. இரண்டும் சேர்ந்து ஒடுக்கமான நாமம்.

"கீழே பாதம் இல்லையே. வடகலைன்னு சொல்லலாமா?" என்றார். வீட்டுக்குள்ளிருந்து மாமி சிரித்தது கேட்டது.

எது கீறியது என்று தேடினோம். பேட்டரித் தட்டின் அடியில் சக்கரக் கம்பியைப் பிடிக்கும் ஸ்க்ரூ ஒன்றின் நுனி அரை மில்லிமீட்டர் உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. நான்கு மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கும். தெரியவில்லை. ஏனென்றால் அதன் மேல் வெல்க்ரோ ஒட்டியிருந்தது.

இங்கே சார் பேசுவதை நிறுத்திவிட்டார். பேட்டரியையும் உடைந்த தட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

குழி, அது உட்கார்ந்த இடம். ராத்திரி முழுக்கப் பட்டை அழுத்தி, காலையில் பஸ் குலுங்கி, ஸ்க்ரூ நுனி அங்கே பதிந்திருக்கிறது. ஸ்க்ரூ நகராது, பேட்டரிதான் நகரும். தரையில் மோதிய வேகத்தில் மட்டும் பேட்டரி முன்னால் பாய்ந்திருந்தால், கோடு குழியிலிருந்து பேட்டரியின் பின் ஓரத்தை நோக்கி மட்டுமே போயிருக்க வேண்டும். குழிக்கு முன்னால் கோடு வரவே வழியில்லை. வந்திருக்கிறது என்றால், பேட்டரி முதலில் பின்னால் சறுக்கியிருக்கிறது. மெதுவாக, அதனால் கோடு மெல்லிசு. விழும்போது ஒரே பாய்ச்சலாக முன்னால் வந்திருக்கிறது, அதனால் திரும்பின கோடு ஆழம். பேட்டரிக்குப் பின்னால் ரிசீவரைச் சுற்றியிருந்த பஞ்சை எடுத்துப் பார்த்தேன். பேட்டரியின் மூலை அதில் அச்சாகப் பதிந்திருந்தது.

ஸ்கேல் வைத்தேன். மெல்லிய கோடு 70 மில்லிமீட்டர்.

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்கு. 190 கிராம், 70 மில்லிமீட்டர், பெருக்கி ஆயிரம் கிராமால் வகுத்தால் 13 மில்லிமீட்டர் சொச்சம். 68-இல் இருந்த பாலன்ஸ் புள்ளி 81-க்குப் போயிருக்கிறது. இருக்க வேண்டிய கடைசி எல்லை 70. இறக்கையின் வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் 81-இல் விரலை வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் பாலன்ஸ் ஆகிற டிரெயினரை நான்கு மாதக் கை ஓட்ட முடியாது. நாற்பது வருஷக் கை ஓட்டலாம், இறக்கலாம், சந்தேகம்தான்.

"வெல்க்ரோவைப் பிய்ச்சது நான்தான் சார்."

"தெரியும். தட்டுல பசை மட்டும் இருக்கு, வெல்க்ரோ இல்லை. கொல்லையிலேயே பார்த்துட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் சும்மா இருந்தாரே! கேட்டேன். வெல்க்ரோ இல்லை என்பது தெரியும், பேட்டரி நகர்ந்தது என்பது தெரியாதே என்றார். வெல்க்ரோ இல்லாமலே பட்டை பிடித்திருக்கலாம், பல பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பிய்த்தவன் நீ என்பதற்காக அதுவே காரணம் என்று எழுதிவிட முடியுமா?

பிறகு வீடியோ போட்டோம். சத்தத்தோடு. இப்போது எனக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஒரு நிமிடம் பத்தாவது வினாடியில், முதல் வட்டம் முடிந்து நான் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏற்றிய இடத்தில், விமானம் ஒரு தடவை வாலை ஆட்டுகிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தவளை.

அட்டையில் நான் எழுதியதை சார் இரண்டு முறை அடித்தார். கடைசியில் நின்றது இது: பேட்டரி பின்னால் சறுக்கியது, வெல்க்ரோ எடுக்கப்பட்டதால். மூக்கு தூக்கியது. குறைந்த வேகத்தில் திருப்பம், ஸ்டால், தவறான திருத்தம். 'ஓட்டினவன் தப்பு' என்பது எங்கேயும் இல்லை. அதில் அடுத்த விமானத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லையாம்.

அடுத்த விமானத்துக்குச் செய்தவை: தட்டில் வெல்க்ரோ, மேலே இரண்டு பட்டை, பேட்டரிக்குப் பின்னால் பால்சாக் கட்டை ஒன்று பசை போட்டு. மூடி மூடாத பேட்டரிக்கு மூடியை மாற்றினேன். பழைய உடலிலிருந்து சக்கரக் கம்பியை எடுத்து இதில் பொருத்தும்போது அந்த ஸ்க்ரூவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். அதைப் பத்திரமாக எடுத்து வைக்கலாம் என்று தோன்றியது.

"என்ன பார்க்கறே? நுனியை ராவிட்டுப் போடு. அடுத்த பேட்டரியை ஓட்டை போட்டுடும்."

ராவினேன்.

மாசியில் மறுபடி அதே கொல்லை. எட்டு நிமிடம் பறந்தது. எலிவேட்டர் டிரிம் இரண்டு தட்டு. இறங்கும்போது சக்கரம் ராகித் தாளில் மாட்டி, விமானம் குட்டிக்கரணம் போட்டுக் கவிழ்ந்தது. படக்கென்று சத்தம். நான் ஓடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

சார் வேலியோரத்து நிழலில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தே கத்தினார்.

"எத்தனை இலை?"

"ஒண்ணுதான் சார்."

"த்ராட்டிலை மூடித்தானே இறக்கினே?"

"மூடித்தான்."

ஃப்ளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்ற ஆரம்பித்தார்.